நாலு கோடு

அளவுப் பலகையின் மேல்சட்டம் உச்சந்தலையில் வந்து இடிப்பதற்கு முன்பே சுண்டு மூச்சை இழுத்துக் கழுத்தை நீட்டிவிட்டாள். குதிகால் தரையில் ஒட்டியிருக்கிறதா என்று நர்ஸ் குனிந்து பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் சுண்டு ஏமாற்றுவதே இல்லை. ஏமாற்றினால் தினமும் போடுகிற ஊசிமருந்துக்குக் கோபம் வந்துவிடும் என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். நர்ஸ் எண்ணைப் படித்தாள். நூற்றிருபத்தைந்து. பக்கத்தில் நின்ற அவள் அப்பா, வாத்தியார், "இன்னொரு தடவ பாருங்களேன்" என்றார். இன்னொரு தடவையும் அதுதான். போன முறை, ஆறு மாதத்துக்கு முன்னால், இதே பலகை நூற்றிருபத்து நான்கு என்று சொல்லியிருந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் கூடியிருந்தது. அன்றைக்கு அப்பாவும் மகளும் வழியில் கண்ட கடையிலெல்லாம் ஏறி ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

வாத்தியார் என்றால் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக ஒரே பள்ளிக்கூடத்தில் அதே கணக்கை அதே கோபத்தோடு நடத்திக்கொண்டிருப்பவர். பிள்ளைகள் விடையைச் சரியாகப் போட்டு, பக்கத்தில் மீட்டரா லிட்டரா என்று எழுதாமல் விட்டால் முழு மதிப்பெண்ணையும் வெட்டிவிடுவார். "அஞ்சுன்னா என்னடா அஞ்சு? அஞ்சு யானையா, அஞ்சு எறும்பா?" என்று அவர் கேட்பதை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்த எல்லோரும் அவரைப் போலவே நடித்துக் காட்டுவார்கள். அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

சுண்டு அவருடைய ஒரே மகள். சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தாள் என்று வைத்த பெயர், வைத்த வேளையோ என்னவோ, அப்படியே நின்றுவிட்டது. வயது பதினொன்று. பார்த்தால் ஏழு சொல்லலாம். வளர்வதற்கு வேண்டிய சுரப்பு அவள் உடம்பில் போதுமான அளவு ஊறவில்லை, வெளியிலிருந்து ஊசியில் கொடுத்தால் வளர்வாள், ஆனால் எலும்பு முற்றுவதற்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிச் சரியாக ஒரு வருடம் ஆகிறது. சுண்டுவுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஆசை. கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் பெஞ்ச், அதிலும் ஓரம். அவளோடு முதல் பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக வளர்ந்து பின்னால் போய்விட்டார்கள். கடைசி பெஞ்சில் என்னென்னவோ நடக்கிறதாம், சிரிப்புச் சத்தம் மட்டும் முன்னால் வருகிறதாம். கணக்கு வாத்தியார் மகள் கடைசி பெஞ்சுக்கு அடம் பிடிக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் ஆளாளுக்குக் கேலி செய்வார்கள்.

டாக்டரம்மா சுண்டுவின் இடது கையைப் பிடித்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சுண்டுவை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு, வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"மருந்த ஒழுங்கா போடுறீங்கள்ல? நடுவுல விட்டுப்போகலயே?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தேதி, நேரம், அளவு, வலது தொடையா இடது தொடையா என்று முந்நூற்று அறுபத்து நான்கு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் முடிவில் சுண்டு தன் கையால் போட்ட டிக். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் கணக்கு. டாக்டரம்மா அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பாட்டிலில் காய்ந்த பொடி பத்து மில்லிகிராம். அதில் விடும் தண்ணீர் இரண்டு மில்லி. ஆக ஒரு மில்லியில் ஐந்து மில்லிகிராம். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம் வேண்டும். அது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு. ஊசிக்குழாயில் நாலு கோடு. நர்ஸ் முதல் நாள் காட்டியதும் அதே நாலு கோடுதான்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு சார்" என்று டாக்டரம்மா நோட்டை மூடினார். "சில பிள்ளைங்களுக்கு உடம்பு கேக்கிறதில்ல. முதல்ல கேக்கும், அப்புறம் நின்னுடும். எலும்பு நுனியில இடைவெளி மூடிக்கிட்டு வருது. மூடிட்டா எந்த மருந்தும் வேலைக்கு ஆகாது. கையில இருக்கிற ரெண்டு பாட்டில் தீரட்டும். நிறுத்திடலாம்."

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சுண்டு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உடம்பு கேக்கலன்னா என்னப்பா அர்த்தம்? நான் சொல்லியும் கேக்கலன்னா?"

"அப்படியெல்லாம் இல்லடா."

"நான் டெய்லி சொல்லிட்டுத்தான் தூங்குறேன்."

மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கும்போது வாத்தியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சுண்டு பக்கத்து வீட்டுத் தோழியிடம் ஓடிவிட்டாள். அவர் மனைவி துணி ஆல்டரேஷன் கடையில் வேலை செய்கிறாள், சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்குத்தான் வருவாள். வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனம் சரியில்லாதபோது எதையாவது அடுக்குவது அவர் பழக்கம். மருந்துப் பெட்டியை எடுத்துச் சமையலறை மேஜையில் கவிழ்த்தார். ஸ்பிரிட் பஞ்சு, பிளாஸ்திரி, ஆரஞ்சு மூடி போட்ட ஊசிக்குழாய்கள் ஒரு கட்டு. அடியில் அட்டையின் மடிப்பில் சிக்கியிருந்த ஒற்றை ஊசிக்குழாய் ஒன்று உருண்டு வந்து விழுந்தது. அதற்கு மூடி சிவப்பு.

முதல் ஐந்து மாதம் அந்தச் சிவப்பு மூடிதான். ஊசி கொஞ்சம் தடிமன். குத்தும்போது சுண்டு தலையணையைக் கடித்துக்கொள்வாள். எடுத்ததும் ஒரு பொட்டு ரத்தம் நிற்கும். ஒருநாள் "இன்னைக்கு மட்டும் லீவு விடுப்பா" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். மறுநாளே வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டதும் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே மெல்லிய ஊசி எது என்று கேட்டு, இந்த ஆரஞ்சு மூடியை வாங்கி வந்தார். அன்று ஊசி உள்ளே போனதுகூடத் தெரியாமல் சுண்டு, "போட்டாச்சா? பொய் சொல்ற!" என்று சிரித்தாள். வாத்தியார் தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களுக்குப் பட்டியல் போட்டால் அதை முதல் ஐந்துக்குள் வைப்பார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சும்மாதான் வைத்தார். சிவப்புக் குழாய் பருமன், ஆரஞ்சுக் குழாய் ஒல்லி. இரண்டிலும் கோடுகள். கோட்டுக்குக் கோடு இடைவெளி ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழாயின் பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தார். சிவப்பில் ஒரு மில்லிக்கு நாற்பது என்றிருந்தது. ஆரஞ்சில் ஒரு மில்லிக்கு நூறு.

வாத்தியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். இதற்குக் காகிதம் வேண்டியதில்லை. ஒரு மில்லியை நாற்பதாகப் பிரித்தால் பத்தில் ஒரு பங்குக்கு நாலு கோடு. நூறாகப் பிரித்தால் பத்துக் கோடு. ஏழு மாதமாக அவர் போட்டது நாலு. தினமும் அரை மில்லிகிராம் போக வேண்டிய உடம்புக்கு அதில் பாதிகூடப் போகவில்லை. நோட்டைப் பிரித்துப் பார்த்தார். அளவு என்ற தலைப்பின் கீழே 4, 4, 4, 4 என்று பக்கம் பக்கமாக அவருடைய அழகான கையெழுத்து. எந்தக் குழாயில் நாலு என்று ஒரு இடத்திலும் இல்லை. அஞ்சு யானையா, அஞ்சு எறும்பா? எழுந்து போய்த் தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டு வந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது முதலில் வந்த யோசனை நல்ல யோசனை அல்ல. இது யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவே கணக்கு சரி என்று சொல்லிவிட்டார். இன்றிலிருந்து சத்தமில்லாமல் பத்துக் கோடு போட்டுவிட்டால் முடிந்தது. இரண்டு மாதம் கழித்துக் கொஞ்சம் வளர்ந்தால் அதிசயம் என்பார்கள். வளராவிட்டால் உடம்பு கேட்கவில்லை என்பார்கள். சிவப்பு மூடியைக் குப்பையில் போட்டு மூடினால் போதும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைக் கூடை வரைக்கும் போகவும் போனார். தனியாகப் பேசிக்கொள்கிற ஆள் இல்லை அவர், ஆனால் அன்று கூடைக்குப் பக்கத்தில் நின்று, "நான் டெய்லி சொல்லிட்டுத்தான் தூங்குறேன்" என்று மகள் சொன்னதைத் தானே இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

மனைவி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க? எவ்வளவு?" என்றாள், செருப்பைக் கூடக் கழற்றாமல்.

அவர் சொன்னார். ஒரு சென்டிமீட்டரைச் சொன்னார், எலும்பைச் சொன்னார், பிறகு இரண்டு குழாய்களையும் மேஜையில் வைத்து மற்றதைச் சொன்னார். பாடம் நடத்துவதைப் போலவே படிப்படியாகச் சொல்ல வந்தது அவருக்கு. வேறு மாதிரி பேச அவருக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் திட்டுவாள், அழுவாள், குறைந்தபட்சம் தலையில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தார். அவள் உள்ளே போய்த் தையல் மெஷினுக்கு மேலே இருந்த பரணிலிருந்து பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். நூல்கண்டு வைக்கிற டப்பா என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

உள்ளே மருந்துப் பாட்டில்கள். தண்ணீர் விட்டுக் கலக்கிய மருந்து பதினான்கு நாளுக்கு மேல் ஆகாது. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு திறக்க வேண்டும். தூக்கிப் போடும் வேலை அவளுடையது. அவள் போடவில்லை. பிள்ளைக்கென்று வந்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லையாம். ஒவ்வொன்றின் தலையிலும் துண்டுத் துணியை ஒட்டித் தேதி எழுதி வைத்திருந்தாள். அவற்றைத் தேதிப்படி மேஜையில் வரிசையாக வைத்தாள். மொத்தம் இருபத்தாறு. முதல் பதினொன்றில் மருந்து அடியில் கொஞ்சமாக நின்றது. எல்லாவற்றிலும் ஒரே மட்டம். பன்னிரண்டாவதிலிருந்து திடீரென்று பாதிக்கு மேலே ஏறி, கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற படம் அது.

"கேட்டேனே" என்றாள்.

கேட்டிருந்தாள். அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மாலை, அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏங்க, முன்னெல்லாம் அடியில கொஞ்சந்தான் நிக்கும். இப்ப பாதிக்கு மேல நிக்குதே?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ சட்டைக் காஜா எண்ணு. கோட்ட நான் எண்ணிக்கிறேன்" என்றார். சுண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் ஆசிரியர் அறையிலும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். கல்யாணம் ஆன புதிதில் அவள் ஏதோ ஒரு கூட்டலில் தப்புப் பண்ணிவிட்டாள் என்று பதினான்கு வருடமாக அந்த வீட்டில் அவளுக்குக் கணக்கு வராது. துணியைப் பார்த்த மாத்திரத்தில் அரை அங்குலம் கூடுதல் என்று சொல்லிவிடுகிறவளுக்கு.

"திரும்பக் கேட்டிருக்கலாம்ல?" என்றார். கேட்ட உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் துணிக்கொடிப் பக்கம் போனாள். சுண்டுவின் பள்ளிச் சீருடைப் பாவாடையைக் கொடியிலிருந்து எடுத்து, அடி மடிப்பைத் திருப்பிக் காட்டினாள். வருடத் தொடக்கத்தில் மூன்று விரல் அளவு உள்ளே மடித்துத் தைத்திருந்தாள், வளர வளரப் பிரித்துவிடுவதற்காக. ஒரு விரல் பிரித்திருந்தது. மீதி இரண்டு விரல் அப்படியே இருந்தது.

"நான் தினமும் இதப் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். எனக்கும் புத்தி இல்ல." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பாவாடையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளைத் தொடலாமா என்று தெரியாமல் வாத்தியார் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்கு அவரே போன் செய்தார். டாக்டரம்மா எந்த ஊசி, எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டார். இன்றிலிருந்து அந்த ஊசியில் பத்துக் கோடு, திங்கட்கிழமை வாருங்கள், மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"டாக்டர், இதுவரைக்கும் விட்டுப்போனதையும் கொஞ்சம் கொஞ்சமா சேத்துப் போட்டா?"

"கூடவே கூடாது சார். போன நாள் போனதுதான். அத இப்ப ஊசியில ஏத்த முடியாது."

"நேரம் இருக்கா?"

"எலும்புதான் சொல்லணும். நான் சொல்ல முடியாது."

சுண்டு வந்தபோது மேஜை மேல் பாட்டில்கள் வரிசையாகத்தான் இருந்தன. மறைக்க வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். வாத்தியார் மகளை எதிரே உட்கார வைத்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். தப்பு என்னுடையது, அம்மா அப்போதே கேட்டாள், நான்தான் கேட்கவில்லை என்றும் சொன்னார். சுண்டு முதல் பாட்டிலிலிருந்து கடைசிப் பாட்டில் வரைக்கும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டாவதில் விரல் நின்றது.

"அப்ப என் உடம்பு கேக்கலன்னு இல்லையா?"

"இல்லடா. உன் உடம்புக்கு யாரும் சரியாவே சொல்லல."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் வாத்தியாரால் தாங்க முடியவில்லை. அவள் கத்தியிருந்தால், பாட்டில்களைத் தள்ளி உடைத்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். அவள் நாற்காலியில் இருந்து இறங்கி, சிவப்பு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கு அழுததாலதான மாத்தின?"

"அதுக்கில்ல."

"அதுக்குத்தான். எனக்குத் தெரியும்." கொஞ்சம் யோசித்தாள். "இனிமே அழமாட்டேன். எதுல வேணும்னாலும் போடு."

ஒரு சனி விட்டு ஒரு சனி புதுப் பாட்டில் திறக்கும் நாள். அன்று அந்த முறை. எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து, மேஜையைத் துடைத்து, மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வாத்தியார் கையைக் கழுவிவிட்டு வந்து, தண்ணீர் ஏற்றிய ஊசிக்குழாயின் முனையைப் பாட்டிலின் உள்சுவரில் சாய்த்துப் பிடித்தார். இரண்டு மில்லி தண்ணீர் கண்ணாடியை ஒட்டி வழிந்து, அடியில் வெள்ளை வில்லையாக ஒட்டியிருந்த பொடியை மெல்ல நனைத்தது. குலுக்கக் கூடாது, குலுக்கினால் மருந்து கெட்டுவிடும். அதனால் வழக்கம்போல சுண்டு அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். பொடி கரைந்து, தண்ணீர் தண்ணீராகவே ஆனது. உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

வாத்தியார் ஆரஞ்சு மூடியைக் கழற்றினார். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தவர், முதல் கோட்டுக்கு முன்பே நிறுத்தினார். குழாயை மனைவியிடம் நீட்டினார்.

"நீ எண்ணு" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது பிடிப்பதைப் போல விளக்குக்கு நேராகப் பிடித்து, நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு, சத்தமாக எண்ணினாள். நாலில் ஒரு கணம் நின்றாள். பிறகு அஞ்சு, ஆறு என்று பத்து வரைக்கும் போனாள். போட்டது வாத்தியார்தான். சுண்டு தலையணையைத் தேடவில்லை. நோட்டை இழுத்து, இன்றைய வரியில் அவளாகவே எழுதினாள்: பத்துக் கோடு, ஆரஞ்சு மூடி, மில்லிக்கு நூறு. அப்புறம் டிக் போட்டாள்.

"பதினாலு நாள் கழிச்சு இதுல எவ்வளவு மிஞ்சும்?"

சைபர் புள்ளி ஆறு மில்லி. வாத்தியாருக்கு விடை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லாமல் மனைவியைப் பார்த்தார். மனைவி வரிசையின் முதல் பாட்டிலை எடுத்துப் புதுப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து, கண்ணைச் சுருக்கி, மட்டம் பார்த்தாள். தையல் டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு நூலை இழுத்துப் பல்லால் கடித்து, புதுப் பாட்டிலின் அடிப்பக்கமாக, பழைய மருந்து நின்ற அதே உயரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இவ்வளவு" என்றாள்.

சுண்டு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மருந்து வைக்கிற தட்டு கதவின் மேல் வரிசையில் இருந்தது. குதிகாலை உயர்த்தி, கழுத்தை நீட்டி, கை எட்டும் வரைக்கும் எட்டி அதை உள்ளே வைத்தாள். நூலுக்கு மேலே வெகுதூரம் மருந்து நின்றது. அவள் உடனே கதவைச் சாத்தவில்லை. உள்ளே இருந்த விளக்கு வெளிச்சத்தில், அது இப்போதே இறங்கத் தொடங்கிவிட்டதா என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.